முதுகுப் பக்கம்

மற்ற அளவெல்லாம் எடுத்தாயிற்று.
மார்பு முப்பத்தேழரை. இடை முப்பத்திரண்டு. கைக்குழி பதினாறே கால்.
மூச்சை இழுத்துப் பிடிக்கவில்லை,
நாடாவுக்குள் இரண்டு விரல் விட்டே அளந்தேன்.
வீடு வீடாய் மின்சார ரீடிங் எடுப்பவள் நான்,
எண்ணைக் குறைத்து எழுதிப் பழக்கமில்லை.

முதுகுதான் எட்டவில்லை.

குண்டூசியோடு கையைப் பின்னால் கொண்டுபோனால்
தோள் ஏறுகிறது.
தோளோடு துணியும் ஏறுகிறது.
கண்ணாடியில் பார்க்கத் திரும்பினால்
திரும்பியதாலேயே ஒரு சுருக்கம்.
நான் பார்க்காதபோது என் முதுகு எப்படி இருக்கும் என்று
எனக்குத் தெரிய வழியே இல்லை.

மூன்று டாப்ஸ் வீணாயின.
மூன்றிலும் அதே இடம்:
இடது தோளிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக ஒரு மடிப்பு,
இஸ்திரிப் பெட்டிக்கு அடங்காத மடிப்பு.
டாட்டை நகர்த்தினேன்,
கழுத்தை இறக்கினேன்,
துணிக்கடைக்காரரைத் திட்டினேன்.
முத்தியால்பேட்டை உப்புக்காற்றில் துருவேறிய ஊசிகள்
வாயில் காடாத்துணியில் எல்லாம் பழுப்புப் பொட்டு வைத்தன.

சரி, என்னைப் போலவே ஒரு பொம்மை செய்துவிடலாம்.
பழைய பனியனைப் போட்டு
அதன்மேல் பார்சல் டேப்பை இறுக்கமாகச் சுற்ற வேண்டும்,
பிறகு வெட்டிக் கழற்றிப் பஞ்சடைக்க வேண்டும்.
ஞாயிறு சாயங்காலம் முன்பக்கம் முழுக்க ஒட்டி முடித்தேன்.
பிறகுதான் உறைத்தது:
பின்பக்கத்துக்குக் கை இல்லை.
கழற்றவும் இல்லை.

எதிர்வீட்டுக் கதவு ஜெர்மேனுடையது.
தண்ணீர் மோட்டார் சண்டைக்கப்புறம் ஏழு மாதம்
படியில் எதிர்ப்பட்டால்
இருவருமே சுவரைப் படித்துக்கொண்டு போவோம்.
தட்டினேன்.
மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.
"என்ன, ஜிப்மர்ல கட்டுப் போட்டு அனுப்பிட்டாங்களா?"

"முதுகு எட்டல."

உள்ளே வந்தாள். டேப்பின் நுனியைப் பல்லால் கிழித்தாள்.
"எப்பவும் நிக்கிற மாதிரி நில்லு."
எப்படி நிற்பேன் நான்? நிமிர்ந்தேன்.
"இது போட்டோவுக்கு நிக்கிறது.
காலையில பைய மாட்டிட்டு கேட்டச் சாத்துவியே,
அப்படி நில்லு."

நின்றேன்.
"ம். இப்பத்தான் நீ."

முகத்தைத் திருப்பிக்கொண்டு நான் போன ஏழு மாதமும்
அவள் பார்த்தது என் முதுகை.

"இடது தோள் எறக்கம் உனக்கு. அரை இஞ்ச் இருக்கும்.
ரீடிங் பை வேலதான்."
சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து கழுத்துவரை வெட்டினாள்.
கத்திரியின் கீழ்வாய் பனியனுக்கு உள்ளே
முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவாய்ச் சில்லிட்டு ஏறியது.
அசையவில்லை நான்.
அவளும் பேசவில்லை.

வீணான மூன்று டாப்ஸையும் கிழித்து
பொம்மையின் வயிற்றில் அடைத்தேன்.
உடைந்த பெடஸ்டல் ஃபேனின் காலில்
இப்போது நிற்கிறேன், தலையில்லாமல்,
ஒருபக்கம் சாய்ந்து,
யாரோ கூப்பிட்டதற்குப் பாதி திரும்பியவள் போல.

துணியை இரண்டாய் மடித்து ஒரே வெட்டாய் வெட்டுவது
இரண்டு பக்கமும் ஒன்று என்று நம்புகிறவர்களுக்கு.
நான் விரித்துப் போட்டேன்.
வலது தனி, இடது தனி.
இடது தோள்சரிவை அரை இஞ்ச் இறக்கினேன்,
கைக்குழியின் அடியையும் அதே அரை இஞ்ச்,
இல்லையென்றால் கை தூக்கும்போது பிடிக்கும்.
போட்டுப் பார்த்தேன்.
மடிப்பைத் தேடினேன், பழக்கதோஷத்தில்.

மோட்டார் விஷயம் தீர்ந்தபாடில்லை.
நேற்றும் ஐந்தரைக்கே போட்டுத் தொட்டியை வழியவிட்டாள்,
நானும் மாடிப்படியில் நின்று கேட்டேன்,
அவளும் விடவில்லை.

இன்று ராத்திரி மூன்று மீட்டர் லினனோடு வந்து நிற்கிறாள்.
கிறிஸ்துமஸ் பூசைக்குக் கவுனாம்.
கூலி எவ்வளவு என்று கேட்டுவிட்டு
பதிலுக்குக் காத்திராமல் திரும்பி நின்றாள்.

நாடாவை எடுக்கும் முன்பே
நோட்டில் குறித்துக்கொண்டேன்:
கழுத்தடியில் சின்னக் கூன்,
முதுகுநீளம் முக்கால் இஞ்ச் கூட்டி.